வளையங்களோடு வெளியே போன மேடத்துக்கு

மேடம்,

இன்று காலை முதலியார்பேட்டையில் டெம்போ ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடச் சிறுமியின் மடியில் ஒரு பெரிய வளையம். மஞ்சளும் நீலமுமாக நாடா சுற்றியிருந்தாள். எல்லோரும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அதற்கு இடம் விட்டிருந்தோம்.

"பாப்பா, அத மேல கட்டிடலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

"வேணாண்ணா, கோணிக்கும். கோணிச்சின்னா உருளாது" என்றாள்.

நீங்கள் பேசுவது போலவே இருந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, கம்பெனிக்கு நடந்தே போனேன். அங்கே வேலை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பெயரையே நீங்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். என் மகள் கயல் அப்போது நான்காம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்து ஹாலில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். வளையத்தை மேலே வீசிவிட்டு, அது இறங்குவதற்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து பிடிக்க வேண்டும். முதல் நாள் பார்த்தபோது சர்க்கஸ் என்று நினைத்தேன். "சர்க்கஸ் இல்ல சார், இதுல பாட்டோட போவணும். பாட்டு நிக்கிறப்ப நாமளும் நிக்கணும்" என்று சிரித்தீர்கள்.

ஒரு நாள் மழை விடாமல் பெய்தது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். நானும் கயலும் நீங்களும் வாசலில் நின்றோம். அன்றைக்குத்தான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளியின் மகள். பத்து வயதில் ஆரம்பித்து, பாட்டுக்கு வீசி ஆட்டும் ரிப்பனைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கெங்கோ ரயிலில் போனது. ஒரு தேர்வுப் போட்டியில் குதித்து இறங்கியபோது வலது முட்டி பிசகி, அதோடு எல்லாம் முடிந்தது.

"ரெண்டு வருஷம் அந்த ரிப்பன தொடவே இல்ல சார். தெருப் புள்ளைங்க எடுத்து ஆட்டுச்சுங்க. தப்பா ஆட்டுச்சுங்க. பாத்துகினு இருக்க முடியல. அப்படித்தான் கோச் ஆனேன்."

என் அப்பாவும் மில்லில் இருந்தவர்தான் என்றேன். "அப்ப நம்ம வூட்டுப் புள்ள" என்று கயலின் தலையில் கை வைத்தீர்கள்.

அந்த ஆண்டே கயலின் இடது மணிக்கட்டு உடைந்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது கை வீங்கி, அழுதபடி கிடந்தாள். எங்கே விழுந்தாய் என்று அவள் அம்மா கேட்டதற்கு, "கிளாஸ்ல" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு போன் போட்டு உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெற்றோர் சங்கத்தில் நான் அப்போது செயலாளர். மறுநாள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன்.

உங்களை வரவழைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு நின்ற கயலின் முன்னால் குனிந்து, "கண்ணு, நம்ம ஹால்லயா விழுந்த?" என்று மட்டும் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"புள்ளய மிரட்டுறீங்களா?" என்று கத்தினேன். அந்த அறைக்கு வெளியிலும் கேட்கும்படி கத்தினேன்.

நீங்கள் நிமிர்ந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. அன்று சாயங்காலமே உங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வளையங்களையும் தோளில் மாட்டிக்கொண்டு, முட்டி வலியில் லேசாகச் சாய்ந்து நடந்து, பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிப் போனீர்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து வீட்டுச் சொந்தக்கார அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "மொட்ட மாடியில வளையத்தோட வுழுந்துச்சே உம் பொண்ணு, கை தேவலையா? நான்தான் தண்ணி குடுத்தேன்."

கயலைக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் வளையத்தை மேலே வீசக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். அம்மா அடிப்பாளோ என்ற பயத்தில் பொய் சொன்னாளாம். ஒன்பது வயதுப் பிள்ளை, தேம்பிக்கொண்டே சொன்னாள்: "மேடங்கிட்ட போய் சொல்லிடலாம்ப்பா."

"வுடு. ஆனது ஆயிடுச்சு. யார்கிட்டயும் பேசாத" என்றேன்.

அவள் பயத்தில் சொன்ன பொய்யை நான் கௌரவத்துக்காகக் காப்பாற்றினேன். அத்தனை பேர் முன்னால் கத்தியவன், திரும்பப் போய் அதே அறையில் நிற்கக் கூசினேன். காப்பாற்றியதோடு விடவுமில்லை. நீங்கள் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு தொடங்கியதாகக் கேள்விப்பட்டு, யாரோ என்னிடம் விசாரித்தார்கள். "எம் பொண்ணு கை ஒடஞ்சது அவங்க கிளாஸ்லதான்" என்றேன். உண்மை தெரிந்த பிறகு சொன்னேன், மேடம். ஒருவரிடம் அல்ல, மூன்று பேரிடம். மூவரும் தங்கள் பிள்ளைகளை உங்களிடம் அனுப்பவில்லை.

நான்கு வருடம் கழித்துக் கோரிமேட்டில் உங்களைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் மாமனாரைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தலையில் துணி கட்டிய ஒரு பெண் பக்கத்தில் வந்து, "சார், கயல் அப்பாதானே?" என்றாள். அப்போதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தீர்கள்.

"கை எப்படி இருக்கு? மழ வந்தா வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"காலைல மணிக்கட்ட சுத்தச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பத்து பத்து தடவ. வுட்டா இறுகிக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி நான் பேச வேண்டும் என்று காத்திருந்தது போலிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பஸ் வந்தது. "வரேன் மேடம்" என்று ஏறிவிட்டேன். அது திண்டிவனம் போகிற பஸ். என் வீடு அதற்கு நேர் எதிர்த்திசை. நீங்கள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு என் வீடு எங்கே என்று தெரியும்.

போன ஐப்பசியில் மணிக்கூண்டு பக்கத்துச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். வீட்டில் சொன்னதும் கயல் கிளம்பினாள். கல்லூரிக்குப் போகிறாள் இப்போது. நானும் போனேன், ஆனால் உங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டேன். அவள் மட்டும் உள்ளே போய் உங்கள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவள் வண்டியில் ஏறாமல் நின்றாள்.

"அவங்க அக்கா இன்னா சொன்னாங்க தெரியுமாப்பா? 'உம் மேல அவளுக்குக் கோவமே இல்லம்மா. உங்கப்பா வருவாருன்னுதான் பாத்துகினு இருந்தா'ன்னாங்க."

பிறகுதான் வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகு இதைப் பற்றி என்னிடம் அவள் பேசியதில்லை.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியர் மாறியிருந்தார்; சின்ன வயதுப் பெண்மணி. நடந்ததைச் சொன்னேன். எழுதிக் கொடுக்க முடியுமா என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரைப் பக்கம்கூட வரவில்லை.

அவர் படித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார். "நல்லதாப் போச்சு சார். எங்களுக்கும் இப்ப இதுக்கு ஒரு கோச் தேவைப்படுது. அந்த மேடம் நம்பர் இருந்தா குடுங்களேன், நானே கூப்டு மன்னிப்பு கேட்டுடறேன்."

நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் என் தாளை மேசைமேல் மெல்ல வைத்தார்.

ஆனால் நம்பர் இருந்தது. கயலைச் சேர்த்த நாளில், 'கயல் கோச்' என்று பதிந்து வைத்தேன். எத்தனையோ போன் மாற்றினேன். ஒவ்வொன்றிலும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தப் பதினொரு வருடமும் அது என் சட்டைப்பையிலேயே இருந்தது, மேடம்.