‘அழி’ வரைக்கும் தெரிந்த எழுத்து

மார்ச் 4

எந்த வருடம் என்று கேட்டான். எண் சொல்ல எனக்குத் தெரியாது. அரசாங்கம் எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லி, நாலு மாதம் கழித்து அசடு வழியப் பின்னால் இழுக்கச் சொன்ன வருடம். ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்த வருடம். என் மகளுக்கு முதல் பல் விழுந்த வருடம். அந்த வருடம்தான் டிவியில் காகிதப் பைக்காரன் வந்தான்.

கேட்டவன் ஒரு தாடிக்காரன். துப்புத் துலங்காத விஷயங்களைப் பற்றி நீள நீளமாகப் படம் எடுக்கிறானாம். முப்பத்தெட்டு வருடமாக என் வீட்டுக் கதவைத் தட்டாதவர்கள் இப்போது 'சார்' போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

"சார், அந்த டேப்பை நீங்கதான் அழிச்சீங்களாமே?"

"ஆமா. நான்தான். அதுக்கு என்ன இப்ப?"

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த களைப்பில் எழுத்துக் கோணுகிறது என்கிறாள். கோணினால் எனக்கென்ன, நேராக இருந்தால் எனக்கென்ன.

மார்ச் 5

'பாவம் அப்பா' என்று நடுவில் ஒன்றை அவளாகவே சேர்த்திருக்கிறாள். திரும்பப் படிக்கச் சொன்னதில் மாட்டினாள். அடிக்கச் சொன்னேன்.

மார்ச் 6

என் வேலை அழிப்பது. டிவி நிலையத்தில் பெரிய காந்த மேசை ஒன்று இருந்தது. பழைய டேப்பை அதன்மேல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி மெல்ல எடுத்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். மந்திரிகள் பேச்சு, கால்பந்து, கல்யாணப் பாட்டு, எல்லாம் எனக்கு ஒரே எடை. அதனால் என் பெயர் அங்கே 'ரப்பர்'.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எதை அழிக்க என் தட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். டேப் நூலகத்தில் இருந்த பெண் அழிக்க வேண்டிய பெட்டியில் ஒரு முத்திரை குத்தி அனுப்புவாள். நாள் முழுக்க டொக் டொக் என்று குத்திக்கொண்டே இருப்பாள். ஸ்டாம்பம்மா என்போம். அந்த முத்திரையில் முதல் இரண்டு எழுத்தின் உருவம் எனக்குப் பழக்கம். வயிற்றில் சுழித்த ஒன்று, தலையில் கொக்கி மாட்டிய ஒன்று. 'அழி.' அதற்குப் பின்னால் வருவது வால். வாலை நான் பார்ப்பதில்லை. வைத்துக்கொள்ள வேண்டிய டேப் என் தட்டுக்கே வராது, இரும்பு அலமாரிக்குப் போய்விடும்.

இனி அந்தச் சாயங்காலம். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. படம் உருண்டது, கிழிந்தது, வேறு படம் வந்தது. ஒருவன் தலையில் காகிதப் பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, ஒன்று மேலே, ஒன்று கீழே. மையால் வரைந்த மீசை. எங்கள் செய்தி வாசிப்பவரைப் போலவே வெற்றுத் தாளைப் புரட்டித் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"முக்கியச் செய்தி. முக்கியமா ஒண்ணும் இல்ல."

ஒரு நிமிடத்துக்குமேல் இப்படியே. வானிலை என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

நிலையத்திலிருந்து ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் போகிற அலையை அமுக்கி யாரோ தன் அலையை ஏற்றியிருக்கிறான் என்றார்கள். யார், எங்கிருந்து, எதற்கு — ஒன்றும் துலங்கவில்லை. இன்று வரைக்கும்.

மார்ச் 7

தாடிக்காரன் போனில். "அவன் ஜன்னல் வழியா என்ன தெரிஞ்சுது சார்? மரமா, சுவரா?"

சுவர் என்றேன். அரை நாள் சந்தோஷம் அவனுக்கு.

மார்ச் 9

தாடிக்காரன் கேட்காததைச் சொல்கிறேன். எவனும் கேட்பதில்லை.

பைக்காரன் போனதும் படம் எங்கள் அரங்குக்குத் திரும்பியது. அங்கே சீஃப் இஞ்சினியர் செய்தி மேசைமேல் ஏறி முட்டி போட்டு, கையில் கிடைத்த ஒயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டை பின்பக்கம் பிளந்திருந்தது. மைக் திறந்தே இருந்தது. "ஐயோ என் வேலை! ஐயோ என் வேலை போச்சே!" நாடு பூராவும் கேட்டது. அதற்குள் யாரோ விளம்பரத்தைப் போட்டார்கள்.

மறுநாள் காலை அதை டேப்பில் போட்டுப் பார்த்தார்கள். நான் அதே அறையில் காந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அடக்கி அடக்கி சவுண்ட்காரருக்கு விக்கல் வந்துவிட்டது. சீஃப் காது சிவந்தது. நிலையத்தில் பதிவானது அந்த ஒரு டேப்தான். வீட்டில் பதிகிற மெஷின் அப்போது யார் வைத்திருந்தார்கள்?

அன்று மத்தியானம் அது என் தட்டில் இருந்தது. முத்திரை இல்லை, பேனா எழுத்து. 'அழி' இருந்தது. மூன்று சுற்று.

நாலாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். விசாரிக்க வருகிறவன் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான்! பார்க்க வேண்டியதையெல்லாம் காதால் பார்த்தார். மேசையைச் சுற்றி அதிகாரி, சீஃப், செய்தி வாசிப்பவர், சவுண்ட்காரர், ஸ்டாம்பம்மா. நான் நின்றுகொண்டிருந்தேன். சீஃப் பெட்டியைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

"'அழிக்கக் கூடாது.' பாருங்க, இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. இந்தத் தற்குறி அழிச்சு வெச்சிருக்கான்."

வாலைப் பார்க்காமல் விட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். எதையோ எழுதிப் படித்துக் காட்டினார்கள். கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன்.

மலைமேல் இருக்கிற கோபுரத்துக்குக் காவல் காக்க அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான். தற்குறி என்ற பெயர் எனக்கு முன்னால் மலை ஏறியிருந்தது.

மகள் பத்து வயதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், "நான் சொல்லித் தரேன்பா" என்று. அந்த எழுத்து என் முகத்தில் கரி பூசியது, அதன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று துரத்திவிட்டேன். எழுதும்மா, அதையும் எழுது.

மார்ச் 12

தாடிக்காரன் ஒரு தகரப் பெட்டியோடு வந்தான்.

"டேப் நூலகத்துல இருந்த அம்மா குடுத்தாங்க சார். 'அவர்கிட்ட காட்டுங்க'ன்னு மட்டும் சொன்னாங்க. வேற பேச மாட்டேன்னுட்டாங்க."

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூடியின் மூலையில் நசுங்கல், நான் கீழே போட்டது. நீல மை மங்கியிருந்தது. வயிற்றில் சுழித்தது, தலையில் கொக்கி. மகளிடம் நீட்டினேன்.

"என்ன போட்டிருக்கு?"

"அழிக்கவும்."

"முழுசாப் படி."

"அவ்வளவுதான்பா. 'அழிக்கவும்.' கீழ தேதி, 'சீஃப் இஞ்சினியர்'னு ஒரு கையெழுத்து."

"கூடாதுன்னு இல்ல?"

"இல்லப்பா."

"எங்கயுமே இல்ல? அடியில? பக்கத்துல?"

"எங்கயும் இல்லப்பா."

மார்ச் 13

தூங்கல. எப்படித் தூங்குறது? அந்த சீஃப், அவன் கையால எழுதி, அவன் கையால என் தட்டுல வெச்சு, அவன் வாயால மாத்திப் படிச்சான். நான் வேற ஐயா ஐயான்னு அவன் கால்ல விழாத குறை! அவன் சாவுக்கு மாலை வாங்கிட்டுப் போனேனே — எதுக்கு? மன்னிச்சு வேலைய விட்டு வெச்சாருன்னு!

எல்லாம் எதற்கு? ஏதோ பெரிய சதி என்று தாடிக்காரன் கண்ணை விரிக்கிறான். வெங்காயம். பிளந்த கால்சட்டை. அவ்வளவுதான். அந்த ஆள் மேசைமேல் ஏறி அழுததை இன்னொரு தடவை எவனும் பார்க்கக் கூடாது. அதற்காகப் பைக்காரனும் சேர்ந்து போனான், நானும் சேர்ந்து போனேன்.

மார்ச் 14

பைக்காரனைத் தேடித் தேடி இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முகத்தை மூடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தவனை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச் 16

ஸ்டாம்பம்மாவைப் பார்க்கப் போனோம். மகன் வீடு, மூன்றாவது மாடி. முட்டி வலியோடு ஏறினேன். ஆத்திரம் ஏற்றிவிட்டது. நார் நாராகக் கிழிக்க வேண்டும் என்று போனால் கதவைத் திறந்தது ஒரு குச்சி.

"வாங்கண்ணே. பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு. ஊசி நூல் போட்டு வெச்சிருந்தியாக்கும். ஒரு பட்டன் உள்ளயே கெடக்கு."

"அவரு குப்பையில போடச் சொன்னாரு. மனசு வரல."

"என்னையக் குப்பையில போட மட்டும் மனசு வந்துச்சோ?"

தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை.

"நீ பெட்டிக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்த. ஏம்மா வாயத் தொறக்கல?"

"எனக்கு வேலை நிரந்தரம் ஆகலண்ணே. அடுத்த வாரம் அவரு கையெழுத்துப் போடணும்."

"சரி. அதுக்கு அடுத்த வாரம்?"

முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம்? அந்த ஆளு செத்தாரே, அன்னைக்கு?"

"மொத வாரம் பயம்ணே. அப்புறம் பூரா வெக்கம்."

பெட்டியை அவள் மடியில் வைத்தேன். "படி. அன்னைக்குப் படிச்சிருக்க வேண்டியத இப்பப் படி."

"அழிக்கவும்."

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை குரல் உடைந்தது. உடையட்டும். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன்.

தாடிக்காரனின் கேமராமுன் இதைச் சொல்வாயா என்று கேட்டேன். "பேரப்புள்ளைங்க பாக்குமேண்ணே" என்றாள். இத்தனை வயதிலும் ஒரு நிரந்தர வேலை பாக்கி இருக்கிறது இவளுக்கு. காபி கொடுத்தாள். குடிக்கவில்லை.

மார்ச் 21

தாடிக்காரனிடம் எல்லாம் சொன்னேன். அவன் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

"இது ஆபீஸ் தகராறு மாதிரி ஆயிடுது சார். கதை சின்னதாயிடும். எழுத்துத் தெரியாத ஒருத்தர் கையால ஒரு சரித்திரமே போச்சு — அதுதான் சார் மனசுல நிக்கும்."

ஒரு தாளை நீட்டினான். என் பேட்டியை அவன் போட்டுக்கொள்ள நான் சம்மதம் தருகிறேனாம். "சும்மா ஒரு கைரேகை சார்."

மகளைப் படிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் நின்றாள். "'எனது கவனக்குறைவால் அழிந்துவிட்டது என்பதை...'"

தம்பி, கதவு அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன். பெட்டியையும் தரவில்லை. தாடி மட்டும் போயிற்று.

ஏப்ரல் 11

படம் வந்துவிட்டது. மகள் போனில் போட்டுக் காட்டினாள். என் முகம் இல்லை. வேறு யாரோ ஒரு கிழவனை நிழலாக நடக்கவிட்டு, 'எழுதப் படிக்கத் தெரியாத ஊழியர் ஒருவரின் தவறால்' என்று ஒரு குரல் உருகுகிறது. பைக்காரன் வேடத்துக்கு எவனையோ பிடித்து இரண்டு ஓட்டையையும் நேராக வெட்டியிருக்கிறார்கள். அது கூடத் தெரியவில்லை. இவன் ஆராய்ச்சிக்காரன்.

ஏப்ரல் 12

எதிர்வீட்டு டிரைவர்: "தாத்தா, படத்துல சொல்றது உங்களையா?"

"ஆமா."

"ஒரு வார்த்த படிக்கத் தெரிஞ்சிருந்தா எவ்வளவு பெரிய விஷயம் தப்பிச்சிருக்கும்!"

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத யாரு வேணா எழுதியிருக்கலாமே தாத்தா" என்றான்.

அவன் சொல்வதிலும் தப்பில்லை. பெட்டி பேசாது.

ஏப்ரல் 26

ஸ்டாம்பம்மாவின் மகன் பேசினான். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டதாம். நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறாளாம்.

ஏப்ரல் 27

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஆரஞ்சு வாங்கச் சொன்னேன்.

"வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இப்ப ஆரஞ்சு எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"திட்டினவன் வாங்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கட்டிலில் சின்னதாகக் கிடந்தாள். நர்ஸ், "பாட்டி, யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றதும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

"ரப்பரண்ணே" என்றாள். பிறகு நர்ஸிடம், "இவரு தப்புப் பண்ணலம்மா."

நர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "சரி பாட்டி, சரி" என்று போர்வையை இழுத்துவிட்டாள். நான் ஆரஞ்சை உரித்துச் சுளையாக்கி வைத்துவிட்டு வந்தேன். டாக்டரிடம் கேட்டதற்கு, வயசாச்சு, பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாமாம். நன்றாகப் பாருங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கும் போகலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களை பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன். கண்ணாடி மறந்த அதிகாரி முதலில் போனார். செய்தி வாசிப்பவர் போனது அமெரிக்காவில், பிள்ளை வீட்டில். சவுண்ட்காரர் போனது விக்கலில் இல்லை, சர்க்கரையில். சீஃப் போய்ப் பதினேழு வருடம். பைக்காரன் இருக்கிறானா இல்லையா, யாருக்குத் தெரியும்? பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குக் கண்ணால் படித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள். ஸ்டாம்பம்மா.