பாம்புக்கடிப் பக்கத்தில் நிற்கும் ஒரு வரி

அனுப்புநர்:
தங்கள் வடிகட்டியிடம் 'நாசக்காரர்' என்று பட்டம் வாங்கிய மின்பணியாளர்

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
தானியங்கி வடிகட்டிப் பிரிவு,
இணையக் கூட்டுக் கலைக்களஞ்சியம்

பொருள்: 'பாம்புக்கடி' பக்கத்தில் உள்ள தவறான முதலுதவி வரியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மதிப்பு பதவிக்கு. மற்றவை கீழே.

1. சென்ற மாதம் என் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சுருண்டிருந்த பாம்பு என் வலக்கையைக் கடித்தது. பதறிய என் மனைவி கைபேசியில் தங்கள் பக்கத்தைத் திறந்தார். கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. சவர பிளேடால் அப்படியே செய்தார். காயத்தைப் பார்த்த மருத்துவர், "கடிச்சது விஷமில்லாத பாம்புங்க. கையைக் கெடுத்தது பிளேடு" என்றார். நரம்பு அறுந்த இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. ஸ்குரூடிரைவர் பிடிக்க முடியாதவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

2. அடுத்தவர் கையாவது தப்பட்டும் என்று, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே கணக்குத் தொடங்கி அந்த வரியை நீக்கினேன். காரணம் சொல்லாமல் நீக்குவது நாசவேலை என்று, திருத்தங்களைச் சோதிக்கும் உங்கள் வடிகட்டி இயந்திரம் தடுத்தது. சரியென்று காரணமும் எழுதினேன். பழக்கமில்லாத இடது கட்டைவிரல் ஒரே எழுத்தை நாலைந்து தடவை அழுத்திவிட்டது. எழுத்தை அடுக்குவது நாசக்காரர்களின் வழக்கமாம், அதையும் தடுத்தது. மூன்றாம் முயற்சியில் கணக்கையே முடக்கினீர்கள். முறையீட்டுப் பக்கம் ஒன்று உண்டு; முடக்கப்பட்டவர் அதில் எழுத முடியாது. வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து சாவி வாங்கிக்கொள் என்பது எந்த ஊர் நியாயம்?

3. அந்த வரியை எழுதியவர் நெடுநாள் பங்களிப்பாளராம். ஆகவே வடிகட்டி அவரைச் சோதிப்பதே இல்லை. வேலியே பயிரை மேய்ந்தால் வேலிக்கு விருது கொடுப்பீர்கள் போலும். அதே வாரம், பாம்பு தன்னை அடித்தவர் முகத்தை மறக்காமல் பழிவாங்கும் என்று எவரோ சேர்த்த வரியும் தடையின்றி உள்ளே போனது. காற்புள்ளிகள் ஒழுங்காக இருந்தன, அதனால் இருக்கலாம். எங்கள் வீட்டு டீ வடிகட்டிக்குக்கூடச் சக்கை எது, டீ எது என்று தெரியும். இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பாடம் எடுத்த மேதைகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

4. என் கணக்கைத் திருப்பித் தர வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை உங்களவர் யாராவது காரணமின்றி நீக்கிவிடுவார்கள். ஆனால் என் மனைவி தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். இத்தனை பேர் படிக்கிற இடத்தில் தவறு இருந்தால் விட்டு வைப்பார்களா என்று கேட்கிறார். விஷமில்லாத பாம்பு என்று மருத்துவர் ஆறுதலுக்காகச் சொன்னார் என்றும், தான் இன்னும் ஆழமாகக் கீறியிருந்தால் என் விரல்கள் பிழைத்திருக்கும் என்றும் அழுகிறார். நேற்று எங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாம்பு கடித்தால் பயப்படாமல் ஆழமாகக் கீற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

வீட்டிலிருந்த பிளேடுகளை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டேன். அந்த வரியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். இன்றே எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: என் வீடு
நாள்: கட்டுப் பிரித்த மறுநாள்

இப்படிக்கு,
மின்பணியாளர்
(ஒப்பம்)