ஒரு கட்டு ஜெராக்ஸ்

லெப்பைக்குடிக்காடு
20.11.2025

அன்பு மருமகள் அஃப்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளாற்றின் தென்கரை முழுவதையும் ஒற்றைக் கைலியில் ஆண்டுவரும் உன் மாமா ஜபருல்லா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம். மழைதான் அடங்கவில்லை. குன்னம் பக்கத்து மக்காச்சோளமெல்லாம் நீச்சல் பழகிவிட்டது என்று கேள்வி.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் என் வாய் எலியை யானையாக்கி, யானைக்கு இறக்கையும் வைத்துவிடும். எழுதினால் கை வலிக்கும், அதனால் பொய் குறையும். மேலும் நீ இப்போது சென்னையில் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல். அடையாளத் திருட்டுச் சட்டத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று உன் சீனியரோடு உட்கார்ந்து அரசாங்கத்துக்கே யோசனை எழுதுகிறவள். உனக்கு எழுத்தில் வந்தால்தானே மரியாதை.

உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். குவைத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்த ஹஸ்ஸானுக்கு, அவன் பெயரில் வடக்கே மோசடி வழக்கு இருக்கிறது என்று பதில் வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. 2023இல் அவன் பெயரில் பெரம்பலூரில் வாங்கிய ஒரு சிம் ரயிலேறிப் போய் யார் யாரையோ ஏமாற்றியிருக்கிறது. அன்றைக்கு அவன் குவைத்தில் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் முத்திரையே சாட்சி. அது மட்டும் போதாது மாமா, அவன் காகிதத்தைக் கடையில் கொடுத்தவர் யாரென்று தெரிந்து, அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் சீக்கிரம் கழியும் என்று நீ சொன்னாய். டிசம்பரோடு அவன் அகாமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, முடிகிறது. அதற்குள் கழியாவிட்டால் பத்து வருட வேலை போய்விடும்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாய். அன்றிலிருந்து ஜில்லா போலீஸ் முழுவதும் நிம்மதியாகத் தூங்குகிறது.

தேடப் புறப்படும் முன்னால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆடு திருடு போனால் பட்டி காலியாக இருக்கும். ஹஸ்ஸானிடம் அவன் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது, ஒன்றுமே குறையவில்லை. அப்புறம் எதைத்தான் திருடினான்? ஐ.டி. சட்டத்தில் அறுபத்தாறு சி பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில் என்று நீ அனுப்பிய தாளில் படித்தேன். திருடினவனுக்கு அது சரி. பெயரைப் பறிகொடுத்தவன் எத்தனை வருடம் அலைய வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் காணோம். என் கண்ணாடியின் கோளாறோ என்னவோ, நீயும் ஒருமுறை பார்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், உன் சீனியருக்குத் தெரியாது. அவருக்காக எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போகிறவன் பெட்டி கட்டும்போதே ஒரு ஜெராக்ஸ் கட்டும் கட்டுவான். ஆதார் நகல் இருபது, ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவில் கையெழுத்து, கூடவே போட்டோ. எதற்கு, எந்தத் தேதிக்கு என்று ஒரு வரி எழுதமாட்டான். கேஸ், கரண்ட், பேங்க், பட்டா, எது வந்தாலும் ஊரில் இருப்பவர் எடுத்து நீட்டிக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டுப் போவான். ஆள் பாலைவனத்தில், கையெழுத்து அலமாரியில். நம் தெருவில் ஏழு வீட்டுக் கட்டுக்கும் நான்தான் காவல். ரிசர்வ் பேங்க் கவர்னரை நம்பி எவனாவது இருபது வெற்றுக் கையெழுத்து கொடுப்பானா சொல்.

நீ வாங்கி அனுப்பிய சிம் விண்ணப்பத்தின் கலர் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் குரும்பலூர் போனேன். நாம் வழக்கமாக நகல் எடுக்கும் ஜெராக்ஸ் கடை வெற்றிச்செல்வி மேல்தான் எனக்குச் சந்தேகம். அந்தம்மா படத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். பாய், இது என் மெஷின்ல இருந்து சுட்டது இல்லீங்க, ஜெராக்ஸ் மேல நீல இங்க்குல கையெழுத்து இருக்கு பாருங்க, கையெழுத்துப் போட்ட கட்டை வச்சிருந்த ஒருத்தர் வூட்டுலேர்ந்துதான் வந்திருக்கு, போய் உங்க அலமாரியைச் சோதனை போடுங்க என்று என்னையே விரட்டிவிட்டார். நான் தோற்றுத் திரும்பிய முதல் போர் இது.

விண்ணப்பத்தின் மூலையில் விற்றவர் பெயர் ராஜவேல் என்று முத்திரை இருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து சிம் விற்றவர், இப்போது அரியலூரில் செல்போன் கவர் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. பஸ் ஏறினேன். முன்னால் நாற்பதாயிரம் சிமெண்ட் லாரி, பின்னால் நாற்பதாயிரம். இறங்கும்போது தாடி முழுக்க வெள்ளை. வயதா சிமெண்டா என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

சிங்கம் போலத்தான் கடைக்குள் நுழைந்தேன். அறுபத்தாறு சி என்று வாயைத் திறப்பதற்குள் ராஜவேல் எழுந்து நின்று, அட, வாளி பாய், வாங்க வாங்க, டீ சொல்லவா என்றார்.

அஃப்ரின், அந்த இடத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம் அவர் குடைக்கடையில் ஒரு சிம்முக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி இலவசம். என் பெயரில் சிம் எடுத்துப் பச்சை வாளி வாங்கினேன். பக்கத்தில் நீலம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒண்ணுதாங்க என்றார். கேஸ் சிலிண்டர் ஆபீசில் கொடுப்பதற்காக என் பையில் ஹஸ்ஸானுடைய நகல் இருந்தது. இந்தா, இது என் மருமகன் என்று நீட்டினேன். சிம்மைக் கொடுத்தபோது, அது எனக்கெதுக்கு, வாளி போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சிம்மை வேண்டாம்னு போன ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான் பாய், அதான் மறக்கல, டார்கெட் கணக்குக்காக மேல இருந்த ஏஜெண்டுக்கிட்ட பத்தோட பதினொண்ணா அதையும் கொடுத்துட்டேன், எங்க போச்சுன்னு சத்தியமா தெரியாது என்றார். அவர் டீ சொல்லி வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் காகிதம் கொடுத்து சிம் வாங்க முடியாதாமே, விரல் வைத்தால்தான் கொடுக்கிறார்களாம். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முன்பே பறந்துபோன லட்சோப லட்சம் ஜெராக்ஸை எந்தச் சட்டம் திரும்பக் கூப்பிடும்? பால் பாக்கெட்டுக்கே காலாவதித் தேதி இருக்கிறது, ஒரு மனிதனுடைய நகலுக்கு ஏன் இல்லை? எழுதிய காரியத்துக்கு மட்டும், எழுதிய மாதம் மட்டும் அது செல்லட்டும். பறிகொடுத்தவன் தன் ஊர் ஸ்டேஷனில் ஒருமுறை சொன்னால் எல்லா மாநிலத்துக்கும் சொன்னதாக ஆகட்டும். அடுத்தவன் நகலை நீட்டுகிறவனிடம், நீ யார் என்று கேட்காமல் வாங்குவது குற்றமாகட்டும். யாராவது ஒருவர் அன்றைக்கு என்னை அப்படிக் கேட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டு வந்திருப்பேன். வந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் சைபர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ராஜவேலும் கடையை அடைத்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. அந்த எஸ்.ஐ. அம்மா வாளிக்காகவா என்று இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். என்மேல் வழக்கு வருமா என்றதற்கு, மேலே போனால்தான் தெரியும் என்றார்கள். வரட்டும். நான் எழுதிக் கொடுத்ததன் நகல் இத்துடன் இருக்கிறது. குறுக்கே கோடு போட்டு, எதற்கு, யாருக்கு, என்றைக்கு என்று எழுதியிருக்கிறேன்.

உன் யோசனையில் இந்தக் கதையைச் சேர்த்தால் உறவினர் ஒருவர் என்று போடாதே. என் பெயரைப் போடு.

ஹஸ்ஸான் வாராவாரம் போன் போட்டு, மாமா, யாருன்னு தெரிஞ்சுதா என்கிறான். தேடுறேன்டா என்கிறேன். போன வாரம் ஊருக்கு வந்த ஒருவரிடம் புதிதாக ஒரு கட்டு கொடுத்தனுப்பியிருக்கிறான். இருபது கையெழுத்து, உறை மேல் என் பெயர். நான் பிரிக்கவில்லை. அவனிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு, இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாலும் சரி. பிறகு அந்த உறையை யாரிடம் கொடுக்கச் சொல்கிறான் என்று கேட்டு எழுது, அதுவரை உன் அம்மாவிடம் இருக்கட்டும்.

அல்லாஹ் உன் பேனாவுக்கு வலுவும் உன் தம்பிக்கு வழியும் தருவானாக.

உன் மாமா,
ஜபருல்லா