அப்பா வெட்டிக் கொடுத்த தோட்டக்கூரை

மாதாப்பூர், ஹைதராபாத்
16-5-2006

அன்புள்ள செல்வாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மாத்திரையெல்லாம் வேளைக்கு உள்ளே போகிறது, இந்த வீட்டில் சுகமில்லாதவை அப்பாவின் தக்காளிச் செடிகள் மட்டும்தான். நீயும் சௌம்யாவும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், போன் ஹாலில் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா இருக்கிறார், எழுத வேண்டியதோ முழுக்க அவரைப் பற்றி. அவர் மொட்டை மாடிக்குப் போகும் நேரம் பார்த்து விட்டு விட்டு எழுதுகிறேன், கையெழுத்து ஒரே சீராக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

உன் தோட்டத்துச் சேதியெல்லாம் சௌம்யா சொன்னாள். ஒரு வாரம் வெயில் அடித்ததும் கோடை வந்துவிட்டதென்று தக்காளி நாற்றை எல்லாம் வெளியே நட்டாயாம், மே மாதம் பாதி கழியட்டும் என்று அவள் சொன்னதைக் கேட்கவில்லையாம், ஒரே நாள் பனியில் பன்னிரண்டும் கறுத்துப் படுத்துவிட்டதாம். மிச்சமிருந்த மிளகாய்ச் செடிக்கு நான் கொடுத்தனுப்பிய போர்வையைப் போர்த்திவிட்டு நீ குளிரில் நடுங்கினாய் என்றும் சொன்னாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்காத குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. பீன்ஸை முயல் தின்கிறதாமே, பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்துக் கரைத்துத் தெளித்துப் பார், முயலை ஒன்றும் செய்துவிடாதே, அந்த ஊரில் முயலுக்கும் ஏதாவது சட்டம் வைத்திருப்பார்கள். இப்போது மறுபடி நட்டாலும் ஆகஸ்டில் காய்க்கும் என்று அப்பா சொல்கிறார், அதனால் மனசை விடாதே.

இனி இங்கத்திய சங்கதி. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், மே முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடு, நாங்கள் பாளையங்கோட்டைக்கே போய்விடுகிறோம் என்று உன்னிடம் சொன்னாரே, அதை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லவில்லை. நீ எங்களை இந்த வாடகை வீட்டில் விட்டுவிட்டு அக்டோபரில் வெளிநாடு கிளம்பியதிலிருந்து அவருக்குப் பேச ஆள் இல்லை என்பது வாஸ்தவம். சத்தமாகவும் நிறுத்தி நிறுத்தியும் பேசினால் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழ் புரிந்துவிடும் என்பது அவர் கட்சி, அப்படிப் பேசிப் பேசி வாட்ச்மேன் இவரைக் கண்டாலே மோட்டார் போடப் போய்விடுகிறான். ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஊரில் நான் முப்பத்தைந்து வருஷம் ஈ.பி. சார் வீட்டம்மா, நீ பிறந்த பிறகு செல்வன் அம்மா. இங்கே மூன்றாம் மாடி ஜலஜா என்னைக் கோமதி காரு என்று கூப்பிடுகிறாள். முதல் தடவை கேட்டபோது அப்பா, ஒனக்கு ஏது காரு என்றார், அது மரியாதைச் சொல் என்று நான்தான் விளக்கினேன். என் பெயரை ஒருத்தி வாய் நிறையக் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசே இல்லை செல்வா. அவரிடம் சொன்னால் சரி என்று இருந்துவிடுவார், அப்புறம் உனக்காகத்தான் இங்கே கிடக்கிறேன் என்று தினம் நாலு தடவை சொல்லிக்காட்டுவார், அதற்குப் பயந்தே சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தக் கூத்து நடந்தது. கத்திரி வெயிலுக்காக மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, பச்சை வலை கட்டி, பழைய பெயிண்ட் டப்பாத் தக்காளிக்கெல்லாம் ஒரு கூரை போட்டிருந்தார். இரண்டு வார வேலை, கம்பி இழுத்த அழகைப் பார்த்தால் திருநெல்வேலிக்கே கரண்ட் போகும் போல இருக்கும். ஓரத்தில் என் தண்டுக்கீரை இரண்டு தொட்டி, அதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மூன்றாம் தேதி நான் டெய்லர் கடைக்குப் போயிருந்தபோது ஜலஜா வடகம் காயப்போட மாடிக்கு வந்திருக்கிறாள். வந்தவள் அப்பாவிடம், மீ தோட்டகூர சாலா பாகுந்தி என்றாளாம். சாலா பாகுந்தி என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், ஏழு மாதத்தில் அவர் கற்ற தெலுங்கு அவ்வளவுதான். ஆஹா, நம் தோட்டக்கூரையைப் புகழ ஒரு ஆத்மா வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அடுத்து அவள் கொஞ்செம் இஸ்தாரா, அதாவது கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டிருக்கிறாள், கையால் அளவும் காட்டியிருக்கிறாள். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தாராம். பிறகு கத்தரியை எடுத்து, கூரையில் சரிபாதியை வெட்டி, மடித்து, நாலு மூங்கிலும் சேர்த்து அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் வந்து மேலே பார்த்தால் வானம் தெரிகிறது. என்ன இது என்றால், ஜலஜாம்மா ஆசையாக் கேட்டாக, எப்படி இல்லைங்கது என்று பெருமையாகச் சொல்கிறார். மூன்றே நாளில் அந்தப் பக்கத்துத் தக்காளி ஆறும் பூ உதிர்ந்து இலை சுருண்டு அப்பளமாகிவிட்டது, அப்போதும் மனுஷர் அசையவில்லை. எனக்கு ஒன்றும் விளங்காமல் மூன்றாம் மாடிக்குப் போனேன். ஜலஜா கதவைத் திறந்ததும் கூச்சத்தோடு என்னைத்தான் கேட்டாள், நான் கீரை கேட்டால் சார் எதற்கு வலை கொடுத்தார் என்று. தெலுங்கில் தோட்டகூர என்றால் தண்டுக்கீரை செல்வா. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெரியவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாதென்று வாங்கி, காக்கைக்கு மறைப்பாக வடகத்தின் மேல் போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் இதை அவரிடம் மூச்சுவிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். பாவம் என்று பார்த்து இல்லை, அவர் முகத்தில் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு களை வந்திருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

களைக்குக் காரணம், ஜலஜாவின் கணவர் ஜெகநாதன் வலைக்கு நன்றி சொல்ல மாடிக்கு வந்தவர் தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்துவிட்டார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தெலுங்கில் பேசுவார், இவர் தமிழில் பேசுவார், செத்த தக்காளிக்குத் தண்ணீர் கூடிப்போயிற்றா குறைந்துபோயிற்றா என்று இருவரும் சண்டையே போடுகிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன்னிடம் நோட்டீஸ் கொடுத்தாயா என்று கேட்பதை மட்டும் அப்பா விடவில்லை, சொன்ன சொல்லை மாற்றினால் மீசை என்ன ஆவது.

முந்தாநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கீழே கீரை வண்டிக்காரி வந்து தோட்டகூர, பாலகூர, கோங்கூர என்று கூவியிருக்கிறாள். அப்பா பால்கனியில் நின்று கேட்டிருக்கிறார். நான் வெளியே வந்ததும், வண்டில கூரை விக்காளா என்று கேட்டார். கீரை என்று சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவமானம் தாங்காமல் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நேரே மாடிக்குப் போய் என் இரண்டு தொட்டிக் கீரையையும் வேரோடு பிடுங்கி, மூன்றாம் மாடிக்கு எடுத்துப்போய், இதி தோட்டகூர, அதி என் கூரை என்று கொடுத்திருக்கிறார். ஜெகநாதன் சிரித்த சிரிப்பு நாலாம் மாடியில் நம் வீட்டுக்கே கேட்டது, கூடவே அப்பா சிரிப்பதும் கேட்டது. நீ போனதற்கு அப்புறம் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அதனால் நீ நோட்டீஸ் கொடுக்காதே. அப்பா கேட்டால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, போனை எடுக்கவில்லை, இப்படி ஏதாவது சொல்லி இழுத்துக்கொண்டே இரு, நான் எழுதினேன் என்று மட்டும்

நடுவில் நிறுத்திவிட்டேன், அப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார். நல்லவேளை, கண்ணாடி போட்டிருக்கவில்லை. யாருக்கு எழுதுத என்றார். செல்வனுக்கு என்றேன். இன்னைக்குத்தான் கத்திரி விதை போட்டிருக்கேன், அது காய்ச்சு முடியாம வீட்டைக் காலி பண்ண முடியாதுன்னு எழுது என்றார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, கத்திரி காய்க்க எத்தனை நாள் ஆகும் என்று எழுத, என்று கேட்டேன். ரெண்டு வருசம் ஆகும்னு எழுது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

உனக்கும் சௌம்யாவுக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, புதிதாக நடப்போகும் நாற்றுக்கும் சேர்த்துத்தான். நோட்டீஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே பேசித் திரும்ப வாங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்திரிக்காய்க் கணக்குச் சொல்லும்போது போனில் சிரித்துத் தொலைக்காதே.

நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று நினைக்கும் உன் அம்மா,
கோமதி