கூரையில்லாக் கோயிலும் ஒரு கையெழுத்தும்

ஹரிஸ் பார்க், சிட்னி
8 செப்டெம்பர் 2024

மரியாதைக்குரிய சவரிமுத்து அவர்களுக்கு,

ஞானம்மாள் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் லொறியும் சுகமா?

போனில் நான் பத்துக் கேள்வி கேட்டால் நீங்கள் பத்துத் தரம் "ஓம்" என்கிறீர்கள். "அண்ணா கடிதத்திலதான் வாய் திறப்பார், எழுதிப் பாருங்கோ அக்கா" என்றாள் கலா. உங்கள் சித்தி மகள்தானே, நம் இருவருக்கும் கலியாணப் பேச்சுக்கால் நடத்துகிறவள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் அவளை ஏசுங்கள். வேலை செய்கிற இனிப்புக்கடைக் குசினியில், அடுப்படியில் நின்றபடிதான் எழுதுகிறேன். ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது.

படம் கிடைத்தது. ஐம்பத்தாறு வயது மாப்பிள்ளை, கூரையில்லாத கட்டடம், சுற்றிவரப் பற்றைக்காடு. கட்டிக்கொண்டு வந்தால் இதற்குள்ளா குடியிருத்துவீர்கள்? கையில் வெள்ளைப் பூ வேறு. எந்த வெள்ளைக்காரிக்கு?

பதிலில் "ஓம்" மட்டும் இருந்தால் கிழித்துப்போடுவேன்.

ஞானம்மாள்

நோர்போக், இங்கிலாந்து
24 செப்டெம்பர் 2024

அன்புள்ள ஞானம்மாளுக்கு,

வாசித்துச் சிரித்தேன். அது கிறிஸ்தவக் கோயில். எழுநூறு வருடப் பழசு. ஊர் முழுக்க எழும்பிப் போய்விட்டது; கொள்ளைநோய் என்கிறார்கள் சிலர், ஆடு வளர்க்கக் காணிக்காரன் துரத்தினான் என்கிறார்கள் சிலர். வீடுகள் இருந்த இடம் புல்மேடு. மிச்சம் பாதிக் கோபுரமும் மூன்று சுவரும். லொறியை ஓரம் கட்டிய ஒருநாள் கண்டேன்.

பூ, என் மனுசி ரோசலினுக்கு. 2009இல், ஊரில் கடைசி யுத்தத்தின் ஷெல்லடிக்குள் காணாமல் போனா. உடல் கிடைக்கவில்லை. மரித்தோர் திருநாளில் எல்லோரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறை கழுவி மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான் எங்கே போவது? அந்தக் கோயிலடியில் ஒரு கல், பெயர் தேய்ந்துவிட்டது, கேட்க ஆளில்லை. அதை ரோசலினுடையது என்று வைத்துக்கொண்டேன். பதினொரு வருடமாகிறது.

நம் கலியாணத்துக்கு உங்கள் கணவரின் மரணச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் இங்குள்ள பங்குச் சுவாமி. அனுப்புவீர்களா?

சவரிமுத்து

ஹரிஸ் பார்க்
9 ஒக்டோபர் 2024

அன்புள்ள சவரிமுத்து அவர்களுக்கு,

வெள்ளைக்காரி என்று எழுதின கைக்கு இரண்டு போட வேண்டும். மன்னியுங்கள்.

சான்றிதழ் இல்லை. விதவை என்று கலாவிடம் நான் சொன்னது பொய். என் மனிதர் அல்போன்சை 2009இல் ஆமிக்காரர் "விசாரிச்சுப்போட்டு விடுறம்" என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வருமாம். ஊரிலிருந்து தங்கச்சி படிவத்தை அனுப்பி மூன்று வருடம், அலுமாரியில் கிடக்கிறது. பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருக்கும், ஓடிவிடுவேன். வீட்டில் நான் பால் வாங்குவதே இல்லை.

நேற்று வேலை நேரத்தில் பரமட்டா ஸ்டேஷனுக்கு நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். "அக்கா, உங்கட காலுக்கு ஆர் சாவி குடுத்தது?" என்கிறார் முதலாளி விக்னராஜா.

அந்தக் கல்லின் முன்னால் முதல்தரம் எப்படி முழங்காலில் நின்றீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஞானம்மாள்

நோர்போக்
3 நவம்பர் 2024

அன்புள்ள ஞானம்மாளுக்கு,

முதல் வருடம் பூவை லொறியிலேயே வாட விட்டேன். இரண்டாம் வருடம் வைத்துவிட்டு ஓடினேன். மூன்றாம் வருடம்தான் பேர் சொல்லிச் செபித்தேன்.

நேற்று மரித்தோர் திருநாள். அந்த இடிபாட்டைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்கார அம்மா வந்தா. "யார் உங்களுக்கு?" என்று கேட்டா. "மனுசி" என்றேன். அவ டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தா. தேய்ந்த எழுத்து நிழலில் எழும்பியது. தோமஸ், ஆட்டுக்காரன், வயது எழுபத்தொன்று. ஊர் அழிந்த பிறகும் அக்கம்பக்கத்தார் அங்கே புதைத்தார்களாம்.

பதினொரு வருடமாக ஒரு கிழவனுக்குப் பூ வைத்திருக்கிறேன். அவ வாயைப் பொத்திக்கொண்டா. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு லொறிக்குள் இருந்து அழுதேன். ரோசலின் மறுபடியும் எங்கேயும் இல்லை. ஆனாலும் மெழுகுதிரியை அணைக்கவில்லை.

எனக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சவரிமுத்து

ஹரிஸ் பார்க்
23 நவம்பர் 2024

அன்புள்ள சவரிமுத்து,

உங்கள் தோமஸை நினைத்து லட்டுத் தட்டோடு சிரித்தேன், பாதி லட்டு நிலத்தில். ரோசலினும் சிரித்திருப்பா. உங்கள் செபம் வழி தெரியாமல் போயிராது.

பிழையான கல்லே பதினொரு வருடம் உங்களைத் தாங்கியிருக்கிறது. பிழையான காகிதம் என்னைத் தாங்காதா? அல்போன்ஸ் வந்து "என்னைச் சாகடிச்சுப்போட்டியோடி?" என்று கேட்கட்டும். அவர் கையாலேயே கிழிக்கக் கொடுப்பேன்.

வியாழக்கிழமை நூலகத்தில், சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மலேசியாக்காரர் பார்த்தசாரதிக்கு முன்னால் போட்டேன். "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்றார். 'இறந்தவர்' என்ற சொல்லை இதுவரை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மனைவி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மூன்று ஸ்டேஷன் தூரம் நடந்தேன்.

ஆக, அல்போன்ஸ் எனக்கு இந்த வியாழக்கிழமைதான் செத்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சொல்லிவிட்டேன். பிறகு ஆண்டுப் பூசை. அதுவரைக்கும் நான் துக்கக்காரி. கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒரு வருடம். பொறுக்க முடியாவிட்டால் கலாவிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்லாதீர்கள்.

ஞானம்மாள்