எலுமிச்சை கேக்கும் வேலிக்கம்புகளும்

கெட்டில் க்ரீக், ஒஹாயோ
14 ஆகஸ்ட் 1981

கொழுந்தன் டாரெலுக்கு,

"எழுதாதே, விட்டுடு" என்கிறார் உன் அண்ணன் ஹார்லன். நான் விடுகிற ஆளா? எங்கள் களஞ்சியத்தில் கோழிகளைத் துரத்திவிட்டு 'வேலிக்கம்புகள்' என்று பாட்டுக் குழு தொடங்கினீர்கள். பொறுத்தேன். சோளரொட்டி சுட்டும் போட்டேன். நேற்று கண்காட்சியில் என்ன செய்தாய்? கேக் கூடாரத்து ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன் கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைச் செருகினாய். போட்டிக்கு வைத்த என் எலுமிச்சை க்ரீம் கேக் கஞ்சியாகிவிட்டது. முதல் பரிசான நீல ரிப்பன் பக்கத்து வீட்டு யூனிஸுக்குப் போய்விட்டது. இனி நீங்கள் பாடுகிற இடத்தில் என் கால் படாது.

ஆர்ஃபா

நாஷ்வில்
3 மே 1990

அன்புள்ள அண்ணி,

எங்கள் பாட்டு ரேடியோவில் வருகிறது, கேட்டீர்களா? கென்டக்கி மேடையில் ஒருத்தர் எங்கள் டிரம்காரன் லாய்டிடம், "நீங்க நெசமாவே விவசாயிங்களா?" என்றார். "பன்னிக்குத் தீனி வச்சுட்டுத்தான் வந்தேன், மோந்து பாரு" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லா ஊர்க்காரர்களும் வருகிறார்கள். நீங்கள்தான் வரவில்லை.

உங்கள் டாரெல்

கெட்டில் க்ரீக்
20 மே 1990

டாரெலுக்கு,

உன் பாட்டு வந்தது. ரேடியோவை அணைத்துவிட்டேன். முடிந்த பிறகுதான் அணைத்தேன். பாதியில் அணைத்தால் பெட்டி கெட்டுவிடும். என் கோழிகளை வெள்ளை என்று பாடியிருக்கிறாய். அவை சிவப்பு. கேக்கை நான் மறக்கவில்லை.

ஆர்ஃபா

நாஷ்வில்
2 ஜூலை 2016

அன்புள்ள அண்ணி,

லாய்டுக்குக் கை நடுங்குகிறது. இந்த ஆகஸ்டோடு நிறுத்துகிறோம். கடைசிக் கச்சேரிக்கு சிகாகோவில் பெரிய மேடை கேட்டிருக்கிறார்கள். அதே நாள் நம் ஊர்க் கண்காட்சியிலும் கூப்பிடுகிறார்கள். அண்ணன் இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வருவீர்கள் என்றால் நம் ஊர், இல்லையென்றால் சிகாகோ. கேக்குக்குத் தீர்ப்புச் சொல்லும்வரை ஒரு வயரையும் தொட மாட்டோம்.

டாரெல்

கெட்டில் க்ரீக்
9 ஜூலை 2016

வருகிறேன். ஃப்ரிட்ஜ் பக்கம் போனால் கையை ஒடிப்பேன்.

ஆர்ஃபா

கெட்டில் க்ரீக்
16 ஆகஸ்ட் 2016

அன்புள்ள டாரெல்,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். ஃப்ரிட்ஜ் ஓடியது, என் கேக் கல்லு மாதிரி நின்றது. அப்படியும் ரிப்பன் யூனிஸுக்கே. "பிளக்கு அதும்பாட்டுக்குத்தான இருக்கு ஆர்ஃபா, இப்ப யாரச் சொல்லுவ?" என்று கேட்கிறாள் அந்தக் கிழவி. அந்த நேரம் பார்த்து நீங்கள் கோழிப் பாட்டை எடுத்தீர்கள். சிவப்புக் கோழி என்று மாற்றிப் பாடினாய். கவனித்தேன்.

லாய்டுக்குக் கை ஓய்ந்ததைப் பார்த்ததும் காலி கேக் தட்டை எடுத்து நானே தட்ட ஆரம்பித்தேன். பேத்தி வில்லா வாயைப் பிளந்தாள். "உனக்குத் தாளம் தெரியுமா பாட்டி?"

"இவனுங்க கத்துக்கிட்டது யார் களஞ்சியத்துல? சமையக்கட்டு சன்னல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டவடி நான்."

உன் மேலிருந்த கோபத்தை இறக்கி அந்தக் கேக் போட்டி நடுவர் மேல் ஏற்றிவிட்டேன். அவர் நாக்குக்கு ருசியே தெரியாது.

களஞ்சியத்தில் இப்போது கோழி இல்லை. நிறுத்துகிறோம் கிறுத்துகிறோம் என்று பேசாமல், லாய்டையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. அவன் கை ஓய்ந்தால் தட்டு என்னிடம் இருக்கிறது. சோளரொட்டி சுட்டு வைக்கிறேன். கேக் கிடையாது, மிச்சத்தை யூனிஸ் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டாள்.

உன் அண்ணி,
ஆர்ஃபா