சீதனமில்லாத வீடு

பெப்ரவரி 6, 2024

இல்லை, அழவில்லை. பைல் வாங்கத்தான் போனேன்.

மஞ்சள் நிறம், தடித்த மட்டை. "கலியாணப் போட்டோ வைக்கவா டீச்சர்?" என்றார் கடைக்காரர். கிட்டத்தட்ட, என்றேன்.

சட்டத்தரணி தனுஷா கேட்டவை: வீட்டு உறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகங்கள், என் சம்பளத் துண்டுகள், நகைப் பற்றுச்சீட்டுகள். "கலியாணத்தக் காசில சொல்லுங்க டீச்சர், மிச்சத்த நான் பாக்கிறன்."

ஷிஹான் போன வருடம் ஓட்டமாவடிக்கு, தன் உம்மாவின் வீட்டுக்குப் போனார். பெட்டி கட்டிய நேர்த்தியிலேயே தெரிந்தது, இனி வரமாட்டார். விவாகரத்து காழி நீதிமன்றத்தில் நடக்கிறது. அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. கணவனும் மனைவியுமாக நாங்கள் ஒத்துப்போன முதல் விடயம் அதுதான்.

தகராறு வீட்டில். பாதி தன்னுடையது என்கிறார். பாதியைப் பிரிக்க முடியாது, விற்கத்தான் வேண்டும். விற்றால் வெளியே போவது நான் மட்டுமில்லை. பின்பக்கத்து அறைகளில் இருக்கும் வாப்பாவும் உம்மாவும் கூடத்தான்.

பெப்ரவரி 9

உறுதியை முதல் தடவையாக முழுதும் வாசித்தேன். விற்பவர் வாப்பா. வாங்குபவர்கள் ஷிஹானும் நானும். விலை முப்பத்தைந்து இலட்சம். காசு தன் முன்னிலையில் கைமாறியதாக, உறுதி எழுதிய நொத்தாரிசு குறிப்பிட்டிருக்கிறார்.

காத்தான்குடியில் பெண் பிள்ளையோடு சேர்ந்து ஒரு அத்திவாரமும் பிறக்கும். வாப்பா பேக்கரி அடுப்பின் முன்னால் நின்று இருபது வருடமாக எனக்கென்று கல் கல்லாகக் கட்டினார். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்துவிட்டு வந்து, சீதன வீடு தந்தால் கலியாணமே வேண்டாம் என்றேன். வாப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளை ஒருவரைக் கொண்டுவந்தார். வீட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற மாப்பிள்ளை.

விற்றவர் ஏன் விற்ற வீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. மருமகனின் பெருந்தன்மை என்று நினைத்தேன். பெருந்தன்மையை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பெப்ரவரி 13

நகைப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் கிடைத்தன. நகைதான் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 20

எதிர்த்தரப்பின் மறுமொழி வந்தது. பின்னிணைப்பாக என் முகநூல் பதிவு, கலர் பிரதி. 2018, கலியாணத்துக்கு அடுத்த கிழமை எழுதியது.

"என் கணவர் தன் உழைப்பில் என் தந்தையிடமிருந்து இந்த வீட்டை வாங்கினார். எனக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. நான் யாருக்கும் விலை இல்லை." நானூற்றுச் சொச்சம் லைக். 'மாஷா அல்லாஹ், முன்மாதிரி' என்று எத்தனை பேர்.

தனுஷா இரண்டு தரம் வாசித்தார். "வடிவா எழுதுறீங்க டீச்சர். அதுதான் பிரச்சின."

பெப்ரவரி 22

ஷிஹானுக்குப் போன் எடுத்தேன். பாதி எதற்கு என்று கேட்டேன்.

"தங்கச்சிக்குப் பேசி வந்திரிக்கி. நல்ல இடம். கைக்கூலிக் காசு ஒண்டும் வாணாமாம்."

"பிறகென்ன?"

"வீடு மட்டும்தான்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டின் பாதி அவர் தங்கை றிஸானாவின் சீதனம். சீதனம் வாங்காத மாப்பிள்ளை என்று ஊர் இன்னும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறது.

பெப்ரவரி 25

நேர்மையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். இரவு சாப்பாட்டில் சொன்னேன்: "அவர் காசு போட்டவர்தானே. பாதி சேரத்தான் வேணும். அந்தப் பாதிக்கு நான் லோன் எடுத்துக் காசு குடுக்கிறன்."

உம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவ. "எந்தக் காசு?"

"வீடு வாங்கின காசு."

வாப்பா எழும்பிக் கை கழுவினார். பள்ளியில் தொழுகைக்கு நேரமாச்சாம். பாங்கு சொல்லி முடிந்து எவ்வளவோ நேரம்.

"அவன் கட்டாருல இருந்து வெறுங்கையோட வந்த புள்ள," என்றா உம்மா. "வாப்பா பேங்கில எடுத்து அவன்ட கையில குடுத்தார். அவன் நொத்தாரிசுக்கு முன்னால வாப்பாட கையில குடுத்தான். வாப்பா திரும்பக் கொண்டு போய் பேங்கில போட்டார். மத்தியானம் ரெண்டு பேரும் புரியாணி திண்டுட்டு வந்தாங்க."

"எனக்கேன் சொல்லல்ல?"

"சொன்னா நீ கலியாணம் முடிக்க மாட்டாய். நீ முடிக்காட்டி அந்த வீட்டுக்கு ஆருகா வாறது?"

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"உனக்குத் தெரியக்கூடா எண்டுதான் செஞ்சது. அதில ஊருக்கும் தெரியாமப் பெய்த்து."

பெப்ரவரி 26

முப்பத்தைந்து இலட்சம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கு. நான் நடுவுல நிண்டு பெண் விடுதலை பேசியிருக்கிறன்.

ஏன் என்னை ஏமாத்தினாங்க? — ஏமாத்தல்ல. நான் கேட்டதைத் தந்தாங்க. வீடு இல்லாத கலியாணம் கேட்டேன், வீட்டோடு தந்தாங்க. எனக்கு என்னதான் வேணும் எண்டு என்னைவிட வாப்பாவுக்குத் தெரியுமா?

கோபம். அடியில் எங்கேயோ ஒரு நிம்மதியும். அந்த நிம்மதிதான் அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 4

வாப்பாவோடு வங்கிக்கு. பழைய கணக்குக்கூற்றை அவர்தான் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளைச் சேட் போட்டு வந்தார்.

உறுதிக்கு முதல் நாள் எடுத்திருக்கிறார். உறுதி நாளன்றே திரும்பப் போட்டிருக்கிறார். கொஞ்சம் குறைவாக.

"நொத்தாரிசு பீஸ்," என்றார்.

திரும்பி வரும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, வாவியைப் பார்த்துக்கொண்டே: "புரியாணியும்."

மார்ச் 7

கணக்குக்கூற்று மட்டும் போதாதாம். பணம் எங்கே போனது, யார் கொண்டுவந்தது என்று வாப்பா சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும்.

வாப்பா ஏலாது என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

எனக்கு இதுவும் தெரியாதிருந்தது: இந்த ஆறு வருடத்தில், பெண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார் எத்தனையோ பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். இப்படியொரு மாப்பிள்ளையை எங்கே பிடிச்சீங்க, ஹாஜியார்? பள்ளியில் ஒரு பயான் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைச் சொல்லியும் இருக்கிறார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"நான் எப்பிடி மகள் அந்தப் பள்ளிக்குள்ள போறது?"

"வேற பள்ளிக்குப் போங்களன்."

"அங்கயும் தெரியும்."

மார்ச் 12

முதல் நோன்பு. கஞ்சி குடித்த பிறகு வாப்பாவிடம் சொன்னேன்: முதலில் நான் எழுதுகிறேன். என் சத்தியக்கடதாசியில், அந்தப் பதிவு பொய், பொய்யென்று தெரியாமல் எழுதினேன் என்று. முகநூலிலும் அதையே போடுகிறேன்.

"உன்னப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உங்களப் பாத்துச் சிரிக்க நேரமிருக்காது."

உம்மா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்க ஊருக்கு நேரமிரிக்கி," என்றா.

வாப்பா சிரித்தார். வாரக்கணக்காகச் சிரிக்காத மனுசன்.

இரவே போட்டேன். பழைய பதிவுக்கு வந்ததில் பாதி லைக்கும் இல்லை. உண்மைக்கு இவ்வளவுதான் விலை.

மார்ச் 18

சமாதான நீதவான் வீட்டில் வாப்பாவின் கையெழுத்து.

தட்டச்சு செய்தவர் "மகளை ஏமாற்றும் நோக்கில்" என்று போட்டிருந்தார். வாப்பா பேனையைக் கீழே வைத்தார். "நோன்போட பொய் சொல்ல மாட்டன். அந்த நோக்கம் எனக்கு இரிக்கல்ல."

"அப்ப என்ன எழுதட்டும் ஹாஜியார்?"

யோசித்தார். "மகளும் வேணும், மகள்ட கொள்கையும் வேணும் எண்டதால. அப்பிடி எழுதுங்க."

அப்படிச் சட்டத்தில் எழுத ஏலாதாம். எழுத வைத்தார்.

ஏப்ரல் 1

தனுஷா கடிதம் அனுப்பிவிட்டார். இரண்டு சத்தியக்கடதாசி, கணக்குக்கூற்று, கடைசியில் ஒரு வேண்டுகோள்: 2018இல் முப்பத்தைந்து இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட உங்கள் கட்சிக்காரரின் வங்கிப் புத்தகத்தைத் தாருங்கள்.

இப்போது ஷிஹான் ஒரு பைல் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 5

பதில் இல்லை.

ஏப்ரல் 19

பெருநாள் கழிந்து ஷிஹான் பேசினார்.

"மாமாவக் கூண்டுல ஏத்திப் பாக்க எனக்கு மனமில்ல. என்ட பாதிய நானே விட்டுத் தாறன்."

தன்னிடம் இல்லாத ஒன்றை விட்டுத் தருகிறார். நன்றி சொன்னேன். அவருக்கு அது தேவைப்பட்டது.

"றிஸானாட விசயம்?"

"வீடு கேக்கிற மாப்பிள்ளைய அவள் முடிக்க மாட்டாளாம். கெம்பஸ்ல படிக்கிறாள்தானே." சலித்துக்கொண்டார். "பாப்பம், என்னமாவது வழி செய்வம்."

போனை வைத்த பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அந்த 'வழி' என்ற சொல் உறுத்தியது. றிஸானாவின் நம்பர் தேடி எடுத்து அனுப்பினேன்: மாப்பிள்ளை வீடு வாங்குவதாகச் சொன்னால், காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பதில்: "ஏன் மச்சி?" அண்ணன் மனைவி அவளுக்கு இன்னும் மச்சிதான்.

எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நேரே வரச் சொன்னேன்.

மே 8

நொத்தாரிசு அலுவலகம், மட்டக்களப்பு. ஷிஹான் தன் பாதியை எனக்கு எழுதித் தருகிறார். நன்கொடை உறுதி. நாளைக்குக் காழியிடம் எங்கள் கடைசி விசாரணைத் தவணை.

நொத்தாரிசு சத்தமாக வாசித்தார். "...மேற்படி அம்னா மீது நான் கொண்டுள்ள அன்பினாலும் பற்றினாலும்..."

ஷிஹான் இருமினார். நான் சுவரில் கலண்டரைப் பார்த்தேன்.

"அந்த வசனத்த எடுக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

"அன்பில்லாட்டி நன்கொடை இல்ல டீச்சர். அப்ப விக்கிறதாத்தான் எழுதணும், காசுத் தொகை போட்டு. போடட்டா?"

"வாணாம் வாணாம்," என்று வாப்பா பாய்ந்து சொன்னார். "காசு வாணாம். அன்பெண்டே இரிக்கட்டும்."

முதலில் சிரித்தது ஷிஹான். பிறகு நான். வாப்பாவுக்கு என்ன சிரிப்பென்று விளங்க கொஞ்ச நேரம் எடுத்தது.

கையெழுத்துப் போட்டோம். படியில் இறங்கும்போது ஷிஹான் வாப்பாவின் கையைப் பிடித்து சலாம் சொல்லிவிட்டு பஸ் நிலையப் பக்கம் போனார்.

நான் மின்சார சபை அலுவலகத்துக்குப் போய் மின்கட்டணப் பட்டியலை ஷிஹானின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றினேன். நிலுவை இருந்தது. கட்டினேன்.